சொல்லிக்கொடுத்தவர் படும் கடன்

ஆழ்வார்குறிச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்கள் தங்கள் மார்பகத்தைப் பெயர் சொல்லிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. வலித்தால் ‘நெஞ்சுல’ என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் ‘மாரு கட்டிக்கிட்டு’ என்பார்கள். பிள்ளை பால்குடி மறந்ததும் அந்த ‘மாரு’ம் பேச்சிலிருந்து போய்விடும். பிறகு மிஞ்சுவது ‘அந்த இடம்’தான். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், நோய் அதிகம் வரக்கூடிய காலத்தில், அந்த உறுப்பைச் சொல்ல அவளிடம் ஒரு சொல்கூட இருப்பதில்லை.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். முலை, கொங்கை, நகில், தனம் என்று இந்த ஓர் உறுப்புக்கு எத்தனையோ பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்துதான் மதுரையை எரிக்கிறாள். காரைக்கால் அம்மையாரின் பாடலில் வற்றிய கொங்கையுடைய பேய் ஆடுகிறது. ஆனால் 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததும் எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. ஆண் புலவர்கள் பாடியபோது அணியாக இருந்த சொல், ஒரு பெண் தன் உடம்பைக் குறித்து எடுத்துக்கொண்டதும் ஆபாசமாகிவிட்டது. வகுப்பில் இன்றும் அந்தச் சொல் வரும் வரியை வாசித்தால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். முன்வரிசைப் பெண்கள் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வார்கள்.

சொல் இல்லாத இந்த இடத்துக்குள் இப்போது ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. மாணவி ஒருத்தி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். அக்குளுக்குப் பக்கத்தில் ஏதோ தட்டுப்படுகிறது என்று மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ‘ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தாலே வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிடுதா மேடம். வேற யார்ட்ட கேக்க? அதாம் இதுட்ட கேட்டேன்’ என்றாள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, உரையாடும் செயலி ஒன்றிடம் கேட்டிருக்கிறாள். எந்த விரல்களால், எப்படி அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லியிருந்தது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை, ஆனாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அது அதட்டவில்லை. மகள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுவாரம் இருவரும் அம்பாசமுத்திரம் போய்க் காட்டினார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

கேட்டதும் மகிழ்ந்தேன். கூடவே ஒரு சங்கடமும் வந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சங்கடத்தைப் பற்றியது. ஒரு பெண்ணுக்கு அவள் உடம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவர் அவளுக்கு என்ன கடன்படுகிறார்? அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் அந்தக் கடன் யார் கணக்கில் ஏறும்?

*

உரையாடும் இயந்திரங்களின் கதை 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய ‘எலைசா’ என்ற நிரலிலிருந்து சொல்லப்படுவது வழக்கம். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் மேட்டுக்குடிப் பேச்சைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆண் பிடித்துவைத்துக்கொள்ளும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. நிரல் செய்தது மிக எளிய வேலை. நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாக்கித் தரும். வைசன்பாமின் செயலாளராக இருந்த பெண் அது உருவாவதை மாதக்கணக்கில் பார்த்தவர். அது வெறும் நிரல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதனோடு உரையாடத் தொடங்கிய சிறிது நேரத்தில், அறையைவிட்டு வெளியே போகுமாறு வைசன்பாமிடமே கேட்டுக்கொண்டார். மனிதர்கள் இயந்திரத்தின் முன் எவ்வளவு எளிதாக மயங்குகிறார்கள் என்பதற்கு உதாரணமாக வைசன்பாம் இதை எழுதினார். அறுபது ஆண்டுகளாக மற்றவர்களும் அப்படியே எடுத்துச் சொல்லி வருகிறார்கள்.

எனக்கு அந்தப் பெண் மயங்கியதாகத் தோன்றவில்லை. அவர் கேட்டது ஒரு மூடிய கதவு. தான் சொல்ல நினைப்பதைத் தன் மேலதிகாரியான ஆண் பார்க்காமல் சொல்ல ஓர் இடம் கேட்டார். எதிரில் இருப்பது இயந்திரம் என்பது அவருக்கு ஒரு குறையாகவே படாமல் இருந்திருக்கலாம். அது யாரிடமும் போய்ச் சொல்லாது என்பதே வசதியாக இருந்திருக்கலாம்.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான அனுபவம் பதிவாகியிருக்கிறது. ராஜஸ்தானில் ‘குஷி பேபி’ என்ற தொண்டு நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து ஆஷா பணியாளர்களுக்காக வாட்ஸ்அப்பில் ‘ஆஷாபாட்’ என்ற உரையாடு செயலியை உருவாக்கின. அதைப் பயன்படுத்திய பெண்களிடம் பேசிய ஆய்வாளர்கள் கண்ட முதல் செய்தி இது: மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயங்கிய, ‘இதுகூடத் தெரியாதா’ என்று பேர் வாங்கித் தரக்கூடிய கேள்விகளையும், கூச்சம் தரும் கேள்விகளையும் அந்தப் பெண்கள் அந்தச் செயலியிடம் கேட்டார்கள். ஊர்ப் பெண்களுக்கு உடல்நலம் பற்றிச் சொல்ல வேண்டிய பணியாளருக்கே கேட்க ஓர் இடம் தேவைப்படுகிறது. வீட்டுப் படி தாண்டாத பெண்ணுக்கு அது எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் கேட்டுக் காதால் பதில் பெறலாம். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் எதிர்ப்பக்கம் சலிப்பு வராது. சாதியோ தெருவோ விசாரிக்கப்படாது. மருத்துவமனை வரிசையில் நின்று, சீட்டு எழுதுகிறவரிடம், பின்னால் பத்துப் பேர் கேட்க ‘என்னம்மா செய்யுது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

*

கூச்சத்தை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டங்களில் ‘இதில் என்ன வெட்கம்’ என்று மேடையிலிருந்து கேட்பார்கள். நாங்கள் இருப்பது தெற்குத் திருவிதாங்கூருக்குப் பக்கத்து மண். மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக அங்கே நாடார் பெண்கள் 1820கள் தொட்டு அடிபட்டு, உடை கிழிக்கப்பட்டு, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். மேல்சாதிக்காரர்கள் முன் மார்பைத் திறந்துவைத்திருப்பதே மரியாதை என்ற சட்டத்தை எதிர்த்த போராட்டம் அது. எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த நினைவு உள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. யார் முன் திறப்பது, யார் முன் மறைப்பது என்று முடிவு செய்யும் உரிமை பெண்கள் போராடிப் பெற்றது. சேலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பெண்ணிடம் அறியாமையை மட்டும் பார்ப்பது அந்த வரலாற்றை மறப்பதாகும்.

அதனால் அந்தரங்கமாகக் கேட்க ஓர் இடம் என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. இயந்திரம் தருவது உண்மையில் அந்தரங்கம்தானா என்பதே என் கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருப்பவர்கள் நாட்டுப் பெண்களில் 54 சதவீதம்தான். அதிலும் எத்தனை பேருடையது தொடுதிரைக் கைப்பேசி? எங்கள் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கிறது. அம்மா கேட்ட கேள்வி அதில் வரிசையாகக் கிடக்கும். அழிக்கத் தெரியாத பெண்ணுக்கு அது மூடாத கதவு. வீட்டார் பார்க்காவிட்டாலும், அந்தக் கேள்வி போய்ச் சேரும் நிறுவனம் பார்க்கிறது. எலைசாவிடம் பேசிய பெண் ஒருவரை வெளியே அனுப்பினால் போதுமாக இருந்தது. இன்று நம் கேள்வியை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்றே நமக்குத் தெரியாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது அது. திரையில் வரும் நீண்ட வாசகத்தின் கீழே ‘சரி’ என்று அழுத்துவதை சம்மதம் என்று நான் நம்பத் தயாரில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயந்திரத்திடம் சொல்லிவிட்டதால் வெட்கம் குறைந்துவிடுவதில்லை. வீட்டில் மௌனம் அப்படியே இருக்கிறது. அந்த மாணவியின் அம்மாவை அம்பாசமுத்திரம் வரை கொண்டுபோனது, அவர் மகளிடம் வாய்திறந்து சொன்ன ஒரு வார்த்தை. அதற்குப் பிறகுதான் இயந்திரம் வருகிறது.

*

இயந்திரம் என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுயபரிசோதனை முறை எளியது. மாதவிலக்கு வந்த ஏழு முதல் பத்து நாட்களுக்குள், மார்பகம் கனக்காமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று இரு பக்கமும் வழக்கம்போல் இருக்கிறதா, தோலில் குழியோ சுருக்கமோ ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்போ இருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படுத்துக்கொண்டு, நடு மூன்று விரல்களின் நுனியால் அல்ல, அவற்றின் தட்டையான உட்பகுதியால், முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு நன்றாக அழுத்தி, அக்குள் வரை விடாமல் தடவிப் பார்க்க வேண்டும். பால் கொடுக்காத காலத்தில் காம்பிலிருந்து தானாக நீரோ ரத்தமோ கசிந்தால் காட்ட வேண்டும்.

இவற்றைச் செயலிகள் ஓரளவு சரியாகவே சொல்கின்றன. நான் கேட்டுப் பார்த்தேன். ‘மார்பகச் சுயபரிசோதனை’ என்று பாடநூல் தமிழில் கேட்டால் பாடநூல் தமிழில் பதில் வருகிறது. ‘நெஞ்சுல கட்டியா இருக்கு’ என்று எங்கள் ஊர்ப் பெண் சொல்வதுபோலக் கேட்டபோது, சளி கட்டியிருப்பதற்கு ஆவி பிடிக்கச் சொன்னது. பெயரில்லாத உறுப்புக்கு நாங்கள் இடும் மறைபெயர் அதற்குப் புரியவில்லை. ‘அந்த இடம்’ என்றால் எந்த இடம் என்று எங்கள் ஊர்க் கிராமச் சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது, அது முடிவில் சேர்த்த வாக்கியம். மாதந்தோறும் இப்படிச் செய்துவந்தால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றது. துண்டுப் பிரசுரங்களிலும் அக்டோபர் மாத ஊர்வலங்களிலும் நாம் பார்த்துப் பழகிய வாக்கியம்தான். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷாங்காயில் 519 நெசவு ஆலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,66,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். மீண்டும் மீண்டும் நினைவூட்டினார்கள். மேற்பார்வையில் செய்துபார்க்க வைத்தார்கள். பத்துப் பதினோரு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, கற்றுக்கொண்ட பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர், கற்றுக்கொள்ளாத பிரிவில் 131 பேர். ஆபத்தில்லாத கட்டிகளுக்காகத் திசு எடுத்துப் பார்க்கப்பட்டவர்கள்தான் கற்றுக்கொண்ட பிரிவில் கூடுதல். 2002இல் இந்த முடிவு வெளிவந்தது. தன் மார்பகத்தின் இயல்பை ஒரு பெண் அறிந்திருப்பதும் மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் காட்டுவதும் நல்லது என்பதில் இன்றும் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. அதை உயிர்காக்கும் சோதனை முறையாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நான் சும்மா பிடித்துக்கொண்டு பேசவில்லை. இதில் ஒரு நீதி இருக்கிறது. ‘மாதாமாதம் பார்த்தால் உயிர் பிழைக்கலாம்’ என்று சொல்லிவைத்தால், நாளை நோய் முற்றி வருகிற பெண்ணிடம் ‘நீ ஏன் பார்க்கவில்லை’ என்று கேட்பது சுலபமாகிவிடும். சமையல், பிள்ளை, மாமியார், பீடிக் கணக்கு என்று அவள் தலையில் ஏற்கெனவே இருக்கும் சுமைகளோடு, தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்ற சுமையும் சேரும். பரிசோதனைக்கு ஆள் அனுப்பாத அரசு, கூட்டிக்கொண்டு போகாத வீடு, விடுப்புத் தராத முதலாளி எல்லோரும் அந்த ஒரு கேள்வியில் தப்பித்துக்கொள்வார்கள்.

*

உயிரைக் காப்பாற்றுவதில் எதற்குச் சான்று இருக்கிறது? மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதனை செய்தார்கள். மேமோகிராம் இயந்திரம் இல்லை, மருத்துவரும் இல்லை. இருபது ஆண்டுத் தொடர்கணக்கு 2021இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முந்தைய கட்டத்திலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50 வயதுக்குக் கீழ் அப்படிக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை, அதோடு அவள் கண்டதைத் தொடர்ந்து நடந்த மேல்பரிசோதனையும் சிகிச்சையும். இவைதாம் அங்கே வேலை செய்தவை. தொடுதல் ஓர் அறிவு என்பதை ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபிராங்க் ஹாஃப்மன் வேறொரு வழியில் காட்டினார். பார்வையற்ற பெண்களின் விரல்நுண்மையை மார்பகப் பரிசோதனைக்குப் பயிற்றுவிக்கும் திட்டம் அவருடையது. டெல்லியில் தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் பெண்கள் மையத்திலும் அந்தப் பயிற்சி நடக்கிறது. தொடுபுள்ளிகள் இட்ட பட்டைகளை உடலில் ஒட்டி, அங்குலம் அங்குலமாக அந்தப் பெண்கள் தடவிப் பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கிற யாருக்கும் பீடி சுற்றும் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். ஆழ்வார்குறிச்சி, கடையம், முக்கூடல், ஆலங்குளம் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் மடியில் சொளவோடு உட்கார்ந்திருப்பார்கள். வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் இலையில் விழுந்த தூள் கூடுதலா குறைச்சலா என்று அறிந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் ஐந்நூறு, ஆயிரம் பீடி சுற்றுகிற அந்த விரல்களுக்கு நுட்பம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த நுட்பம் கம்பெனிக்குப் போகிறது. தன் உடம்பின் பக்கம் அந்த விரலைத் திருப்ப அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தொடுதலைச் சொல்லால் முழுதாகக் கற்றுத்தர முடியாது என்பது பீடி சுற்றக் கற்றுக்கொண்ட எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அம்மா பிள்ளையின் விரல்மேல் தன் விரலை வைத்து உருட்டிக் காட்டுவாள். ‘இம்புட்டு அழுத்து’ என்பதற்குச் செயலியிடம் சொல் உண்டு. கை கிடையாது. செவிலியர் ஒருவர் நம் கையைப் பிடித்து, இது இயல்பான திசு, இது விலா எலும்பு, இப்படி நகராமல் கல்போலத் தட்டுப்பட்டால் வா என்று ஒருமுறை காட்டிவிட்டால், அந்த அழுத்தம் நம் விரலில் தங்கிவிடும்.

அந்தச் செவிலியர் எத்தனை பேரைத் தொட்டிருக்கிறார் என்பதுதான் வருத்தம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2016இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் 2019-21 ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது அப்படிப் பரிசோதிக்கப்பட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தார்கள்.

*

பழந்தமிழில் கடன் என்றால் கடமை. பிறகு வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதும் கடன் ஆயிற்று. கற்பிப்பதில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்று நினைக்கிறேன். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். உன் மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார் என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறவர், இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவளிடம் பதில் சொல்ல வேண்டியவராகிறார். கட்டியைக் கண்ட இரவில் அவள் தூக்கத்தை எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

ஆழ்வார்குறிச்சியில் கட்டியைக் கண்ட பெண்ணின் வழியைப் பார்ப்போம். 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். ஆனாலும் பெரிய நோய் என்றால் கால் போவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குத்தான். விடியலில் பஸ் பிடிக்க வேண்டும். அன்றைய பீடி போகும், கூலி போகும். துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும். ஒருநாளில் முடியாது. தொட்டுப் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஊசி வைத்துத் திசு எடுப்பதும் முடிவு வாங்குவதும் பல நாள் நடை. ‘ஊசி பட்டா பரவிரும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது தவறு என்று சொல்ல அந்த நேரத்தில் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மாநில அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடம் உண்டு. அட்டையைத் தேடி எடுக்கவும் எங்கே கொடுப்பது என்று தெரியவும் ஆள் வேண்டும்.

இந்த வழியில் எந்த இடத்திலும் செயலி அவளோடு வராது. வராதது அதன் குற்றம் இல்லை. இயந்திரம் கடன்பட முடியாது. அதற்கு அவமானம் கிடையாது, அதைத் தேடிப்போய் ‘நீதானே சொன்னாய்’ என்று கேட்க வீடும் கிடையாது. கடன், அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தவர்களுடையது. செயலியைச் செய்த நிறுவனம், அதை அறிமுகப்படுத்தும் அரசுத் துறை, தொண்டு நிறுவனம், கல்லூரியில் கூட்டம் போட்டு ‘பதிவிறக்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் என்னைப் போன்றவர்கள்.

தெரிந்துகொண்டதால் கடன்பட்டவர்களுக்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவராக அவருக்கு நோயைப் பற்றித் தெரியும், அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தெரியும். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், வருகிறவர்கள் படுத்துச் சிகிச்சை பெற ஓர் இடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் யாரிடமும் கேட்க முடியாத பெண்ணிடமிருந்து அந்த ஒரு வாசலையும் பறிக்க எனக்கு உரிமை இல்லை. ராஜஸ்தானின் ஆஷாபாட்டில் எனக்குப் பிடித்தது, தனக்குத் தெரியாத கேள்வி வந்தால் அது செவிலியர்களுக்கு அனுப்பி அவர்களிடமிருந்து பதில் வாங்கித் தருவது. அந்தச் செவிலியர்கள் ஆய்வாளர்களிடம் சொன்ன கவலையும் அதே அளவு முக்கியம். இதனால் எங்கள் வேலையும் பொறுப்பும் கூடுகின்றன என்றார்கள். புதிய இயந்திரம் வரும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஊதியமில்லாத அல்லது குறைந்த ஊதியமுள்ள ஒரு பெண்ணின் உழைப்பு சேர்க்கப்படுகிறது. ஆஷா பணியாளர்களை அரசு இன்றும் ஊழியர் என்று ஏற்கவில்லை. தன்னார்வலர் என்கிறது, ஊக்கத்தொகை தருகிறது. செயலிக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால், வீடு வீடாக நடக்கும் பெண்ணுக்குச் சம்பளம் தரவும் பணம் இருக்க வேண்டும்.

செயலி எங்கள் பேச்சை எங்களிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும். ‘மாரு’ என்றாலும் ‘நெஞ்சு’ என்றாலும் ‘அந்த இடம்’ என்றாலும் திருப்பிக் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும். உயிர் பிழைப்பாய் என்று வாக்குக் கொடுக்காமல், மாற்றம் தெரிந்தால் காட்டு, பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இராது என்று உள்ளதை மட்டும் சொல்லட்டும். கேட்ட கேள்வியைச் சேமித்து வைக்காமல் இருக்கட்டும். உரையாடலின் முடிவில், அவளுடைய ஊருக்குரிய செவிலியரின் பெயரையும் அவர் இருக்கும் நாளையும் சொல்லட்டும். அந்த நாளில் அந்தச் செவிலியர் உண்மையிலேயே அங்கே இருக்கட்டும்.

மாணவியருக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். கேளுங்கள், ஆனால் கேட்டதை வீட்டில் இன்னொரு பெண்ணிடமும் சொல்லுங்கள். அந்த உறுப்பின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். இப்படியான திட்டம் எதையாவது தொடங்கிவைக்க மேடையேறுகிறவர்களிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் இயந்திரம் சொன்னபடி பார்த்து, கட்டி தட்டுப்பட்டுவிட்டது. மறுநாள் காலையில் அவள் எங்கே போக வேண்டும், அங்கே யார் இருப்பார்கள்?